பால்குடத்துக்குக் கொடுத்த இருக்கை: ஜெலாப்பாங்கிலிருந்து சித்தியவான் தோட்டத்துக் கோவிலுக்கு

இந்த ஆண்டு ஆடி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஈப்போ பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஜெலாப்பாங்கிலிருந்து சித்தியவானுக்குப் போய், அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோவில் திருவிழாவைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். வழி, நிற்கும் இடம், நேரம் எல்லாம் வழக்கம்போல் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. நாலு முறை ஆரம்பித்து அழித்தேன். இந்தப் பயணத்தில் தப்பு செய்தது நான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தேவி. பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், அதில் பாதி குழந்தை இருக்கையைப் பற்றியே இருக்கும். மகள் கயலுக்கு நாலு வயது, பதினைந்து கிலோ. கணவர் சரவணன் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கயல் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் தன் இருக்கை இல்லாமல் எங்கள் காரில் ஏறியதே இல்லை என்று இந்த வலைப்பூவில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இனி அப்படி எழுத முடியாது.

கணவர் வீட்டில் எனக்கு ‘கார் சீட் கங்காணி’ என்று பெயர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம், அவர்களுக்குக் கங்காணி என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். போன ஆண்டு இதே திருவிழாவில், சொந்தத்தில் ஒரு குழந்தையை என் காரில் ஏற்றச் சொன்னார்கள். அதற்கு இருக்கை இல்லை, முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் வேறு வண்டிக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. கோவிலுக்குப் போகிற வண்டியில் ஆளை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அங்கே கிடையாது; இடம் இல்லை என்ற பேச்சே கிடையாது. மடியில் வைத்துக்கொள்வார்கள், மடியும் நிறைந்தால் இரண்டு பேருக்கு நடுவில் செருகிக்கொள்வார்கள். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வருடம் முழுக்க ஏதாவது ஒரு விருந்தில் யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அலுப்பும் வந்தது. இந்த ஆண்டு யார் வாயிலும் விழக் கூடாது என்ற முடிவோடுதான் கிளம்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சரவணனுக்கு அன்று பகல் ஷிப்ட். நானும் கயலும் மட்டும் காலை 6.45க்குக் கிளம்பினோம். பட்டுப்பாவாடையைப் பையில் மடித்து வைத்துவிட்டு, பருத்திச் சட்டையும் கால்சட்டையும் போட்டுவிட்டேன். திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பட்டுப்பாவாடை இடுப்பில் கொசுவிக்கொண்டு நிற்கும். அதன்மேல் பட்டையை இறுக்கினால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் உள்ளே இடைவெளி இருக்கும். பின்னந்தலையில் கொண்டை போட்டுப் பூ வைத்தாலும் தலை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அலங்காரமெல்லாம் இறங்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ லுமுட் நெடுஞ்சாலையில் ஞாயிறு காலையில் கூட்டம் இல்லை, சுங்கக் கட்டணமும் இல்லை. ஸ்ரீ இஸ்கந்தாரில் 7.30க்கு எண்ணெய் நிலையத்தில் நின்றோம். கழிப்பறை சுத்தமாக இருந்தது. முப்பது ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் போட்டேன், போகவும் வரவும் போதும். பக்கத்துக் கடையில் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் தாப்பாவ் கட்டி வாங்கினேன். கயலைக் கீழே இறக்கிச் சாப்பிட வைத்த பிறகே மறுபடி கட்டினேன். ஓடும் காரில் பிள்ளைக்கு ஊட்டினால் புரையேறினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஆறு நிறைந்து பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. கயல் படகை எண்ணினாள், ஒன்றுதான் இருந்தது, அதையே மூன்று முறை எண்ணினாள். ஆயர் தாவார் தாண்டி, சித்தியவானில் அண்ணியின் வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி 8.25. மீட்டரில் 91 கிலோமீட்டர்.

அண்ணி என்றது சரவணனின் அக்காவை. பெயர் விஜயா. கயல் எட்டாம் மாதமே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது நாள் கிடந்தாள். அப்போது அண்ணி, பிள்ளை பிழைத்து நடக்க ஆரம்பித்தால் மூன்று வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை, கயல் நடந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். இரண்டு குடம் முடிந்துவிட்டது. இந்த ஆண்டு மூன்றாவது, கடைசிக் குடம்.

தோட்டம் என்கிறேனே தவிர, ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை போட்டு வெகு காலம் ஆகிவிட்டது. வீடுகளும் இல்லை. கோவில் மட்டும் நிற்கிறது. நான் பாரிட் புந்தாரில் நெல்வயல் பக்கம் வளர்ந்தவள், அங்கே போய் நின்று உருகுவதற்கு எனக்கு எதுவும் கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் ஆயிரம் பேர் எங்கெங்கிருந்தோ வந்து ஒரே பந்தியில் உட்காருவதைப் பார்ப்பது நல்ல விஷயம். அதற்காகவே நீங்களும் ஒரு முறை இப்படி ஒரு திருவிழாவுக்குப் போய்வரலாம்.

மற்றவர்கள் கோவில் பக்கத்து ஆற்றங்கரையில் குடம் கட்டி நடந்து வருவார்கள். அண்ணிக்கு முழங்கால் சரியில்லாததால் வீட்டுச் சாமி அறையிலேயே பூசை போட்டு, குடத்தைக் கட்டி, காரில் மடியில் வைத்துக்கொண்டு போவார். கோவில் வாசலில் இறங்கி நாலடி நடந்தால் போதும். பித்தளைக் குடத்தில் நாலு லிட்டர் பால். வாயில் மஞ்சள் துணி, கழுத்தில் வேப்பிலை. கட்டிய பிறகு சாமி முன்னால் இறக்கும் வரைக்கும் குடம் தரையில் படக் கூடாது. கால் வைக்கிற இடத்திலும் வைக்கக் கூடாது. இரண்டு வருடமும் அண்ணியின் கணவர் ஓட்டினார். இந்த முறை அவர் அன்னதானப் பாத்திரங்களோடு விடியற்காலையே வேனில் போய்விட்டதால் பொறுப்பு எனக்கு வந்தது.

9.40க்குக் கிளம்பினோம். முன்னால் மடியில் குடத்தோடு அண்ணி. பின்னால் இடது பக்கம் கயல் தன் இருக்கையில், அவளுக்குப் பக்கத்தில் அண்ணியின் மகள்கள் வினோவும் தர்ஷினியும். வினோவுக்குப் பத்தொன்பது, தர்ஷினிக்குப் பதினைந்து. கணக்காக ஐந்து பேர், ஐந்து இடம், எல்லாருக்கும் பெல்ட். தாமான் குடியிருப்பை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு வேகத்தடை. முதல் தடையில் பால் தளும்பி மஞ்சள் துணியின் ஓரம் நனைந்தது. இரண்டாவதில் அண்ணியின் புடவையில் சொட்டியது. ஒரு வாரமாக விரதம் இருந்தவர், குடத்தை ஆடாமல் பிடிக்க முடியவில்லை. பால் சிந்தினால் வேண்டுதலுக்குக் குறை என்று அவர் முகமே சொன்னது. ஓரமாக நிறுத்தினேன்.

கயலின் சீட்டில் குடத்தை வைத்தால் ஆடாது என்று வினோ சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம்தான், பிள்ளை அத்தை மடியில் உட்காரட்டும் என்று தர்ஷினி சொன்னாள். கயல் அதற்குள் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லிக் குதித்தாள். அவளுக்கு அத்தை மடி கிடைத்ததே பெரிய சந்தோஷம். அண்ணி என்னைப் பார்த்தார். கங்காணி என்ன சொல்லப்போகிறாள் என்ற பார்வைதான் அது. போன வருடத்து முக்கால் மணி நேரம் மொத்தமும் அந்தக் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

“சரி, மெதுவா போலாம்,” என்றேன்.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் ஐந்து வாரம் ஆனது. கயலை இறக்கி, குடத்தை அவள் இருக்கையில் நானே வைத்தேன். குடத்தின் வயிறு அந்த இருக்கைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ஐந்து பட்டையையும் சுற்றிப் போட்டு, கொக்கியில் மாட்டி, இழுத்து இறுக்கினேன். பிறகு பழக்கத்தில், தோள் வரும் இடத்துப் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தேன். கிள்ள வரக் கூடாது, வந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டிய அதே சோதனை. கிள்ள வரவில்லை. திருப்தியோடு கதவைச் சாத்தினேன்.

வினோ முன்னால் வந்தாள். அண்ணி பின்சீட்டில் நடுவில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் கயல், இடது கை குடத்தின் மேல், வலது கை கயலின் வயிற்றைச் சுற்றி. மணிக்கு 40க்கு மேல் நான் போகவே இல்லை. தார்ச்சாலை முடிந்து தோட்டத்துச் செம்மண் சடக்கில் திரும்பியபோது 10.05. இன்னும் மூன்று கிலோமீட்டர். கோவில் ஒலிபெருக்கி மெல்லக் கேட்க ஆரம்பித்திருந்தது.

செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஓர் உடும்பு குறுக்கே வந்தது. நாய் அளவு இருக்கும். அவ்வளவுதான். லாரி இல்லை, வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் இல்லை. நான் 35ல் போய்க்கொண்டிருந்தேன், பிரேக்கை அழுத்தினேன், கார் வழுக்கி நின்றது. உடும்பு எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டது.

கயல் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து வந்து என் இடது முழங்கையில் மோதி, கைப்பிரேக்கின் மேல் முகம் குப்புற விழுந்தாள். சத்தமே இல்லை. அந்த நொடிகளில் என் மனதில் ஓடியதை எழுத மாட்டேன். அப்புறம் அழுதாள். அழுததும் எனக்கு உயிர் வந்தது. வலது புருவத்தின் மேல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினேன். அண்ணி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கையும் குடத்தைப் பிடித்திருந்தன.

மஞ்சள் துணியில் புதிதாக ஒரு சொட்டுக்கூட நனையவில்லை.

பின்னால் திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். “கிளினிக்கெல்லாம் துத்துப் லா தங்கச்சி, ஞாயித்துக்கிழமை தொறக்க மாட்டாங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு, காடிய நான் திருப்பித் தரேன்,” என்று காரைக் காட்டினார். வினோ தன் தாவணியை மடித்துக் கயலின் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். நான் அண்ணியிடம், கயல் சீட்டில் உட்கார வேண்டும் என்று சொன்னேன். இன்னொரு முறை மடியில் வைத்துப் போகிற தைரியம் எனக்கு இல்லை.

அண்ணிக்கு அந்தக் கொக்கியை அவிழ்க்கத் தெரியாது. நாலு வருடமாகக் கிண்டல் செய்தாரே தவிர ஒரு முறைகூடக் கை வைத்ததில்லை. பட்டையை இழுத்தார், கொக்கியைத் திருகினார், விரல் வழுக்கியது. கயல்தான் அழுகைக்கு நடுவில் சொல்லிக்கொடுத்தாள்.

“செவப்பு அத்தை. செவப்ப அமுக்கு.”

அண்ணி சிவப்பு விசையை அமுக்கினார். குடத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வலது பக்கமாக வெளியே இறங்கினார். தர்ஷினி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அண்ணி அவளைப் பார்க்கவே இல்லை. சாலையோரம் குனிந்து குடத்தை அந்தச் செம்மண்ணில் வைத்துவிட்டு, கயலை வாங்க என்னிடம் கை நீட்டினார். நாலு வருட வேண்டுதலின் கடைசிக் குடம் அது. கோவில் ஒலிபெருக்கி கேட்கிற தூரத்தில் நின்றுபோனது.

பட்டையெல்லாம் குடத்தின் அளவுக்கு இருந்தது. தளர்த்தி, கயலை உட்கார வைத்து, மறுபடி இறுக்கினேன். கிள்ளிப் பார்த்தேன். இரண்டு பெண்களும் குடத்தோடு அங்கேயே நின்றார்கள், அவர்களின் அப்பா வந்து அழைத்துக்கொண்டார். பாலை என்ன செய்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு 10.50க்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவுக்கு ஒரு ரிங்கிட். ஐந்து தையல், ஒரு முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. தலையில் உள்காயம் ஏதும் இருக்கிறதா என்று நாலு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். தையலுக்கு முன்னால் தமிழ்த் தாதி ஒருவர் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். காரில் பிள்ளைக்குச் சீட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்புறம் எப்படி இந்தக் காயம் என்று பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு இருக்கை கட்டாயம் என்ற சட்டம் வந்து சில வருடம் ஆகிவிட்டது, அபராதத்தைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன்.

கயல் சொன்னாள்: “என் சீட்ல பால் உக்காந்திருந்துச்சு.”

தாதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளி வராந்தாவில் அண்ணி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். மைலோ வாங்கிக் கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தார்.

“ரெண்டு கையும் குடத்துக்குப் போயிருச்சு தேவி. புள்ளைக்கித்தான் அந்தக் குடமே. எனக்குத் தெரியாமலே போயிருச்சு.”

“கட்டினது நான்தான் அண்ணி,” என்றேன்.

இது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. அண்ணியின் இரண்டு கையும் கயலைப் பிடித்திருந்தாலும் அவள் அங்கே நின்றிருக்க மாட்டாள். பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் பதினைந்து கிலோ பதினைந்து கிலோவாக இருக்காது, எந்த அத்தையின் கையும் தாங்காது. இது எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியாது. காருக்குள் இருந்த பெரியவர்களில் தெரிந்த ஒரே ஆள் நான், ஸ்டியரிங்கும் என் கையில்தான் இருந்தது. தெரியாமல் செய்பவர்களுக்குப் புத்தி சொல்லித்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் முகத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை.

அதனால் இந்த முறை நடைமுறைக் குறிப்புகளை அவர்களுக்காக எழுதுகிறேன். கிளம்பும் நேரத்தில் வண்டிக்கு வெளியே நின்று யாரையும் மறுக்காதீர்கள், உங்களால் முடியாது. முதல் நாளே தொலைபேசியில் இடத்தைப் பேசி முடித்துவிடுங்கள்: பிள்ளையின் இருக்கை போக இத்தனை பேர், இத்தனை பொருள். கோவில் வாசலில் சொன்னால் அது அவமானம், முதல் நாள் சொன்னால் அது வெறும் ஏற்பாடு. கொஞ்ச தூரம், மெதுவாகப் போகலாம் என்று இரண்டும் சேர்ந்து உங்கள் வாயில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பால்குடம் எடுத்துப் போகிறவர்கள், பாலை மூடி போட்ட கலனில் காரின் பின்பெட்டியில் வையுங்கள், குடத்தைக் கோவிலில் கட்டிக்கொள்ளலாம். பூசாரியிடம் கேட்டேன், தாராளமாகச் செய்யலாம் என்றார். நாலு வருடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். இருக்கையின் கொக்கியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு முறை அவிழ்க்கச் சொல்லிக்கொடுங்கள். கிண்டல் செய்பவர்களுக்கு முதலில்.

திரும்பி வரும்போது கயல் தூங்கிவிட்டாள். போத்தா பாலம் வந்தது தெரியாது. வீட்டுக்கு 5.15. சரவணன் வாசலில் நின்றிருந்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னோடு சரியாகப் பேச நாலு நாள் ஆனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த ஆடிக்கு முதல் குடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கப் போவதாக அண்ணி சொல்லிவிட்டார். மூன்று வருடம். நான் வண்டி ஓட்டுகிறேன் என்றேன். நீ ஓட்டினால்தான் வருவேன் என்றார். கங்காணி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தேவலை என்று இருக்கிறது.

தையல் பிரித்தாயிற்று. புருவத்தில் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை, முளைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். முன்பெல்லாம் காலையில் பாலர்பள்ளிக்குக் கிளம்பும்போது, சீட் வேண்டாம், கட்டாதே என்று கயல் ஒரு சண்டை போடுவாள். இப்போது சண்டை இல்லை. கார்க் கதவைத் திறந்ததும் ஏறாமல் நின்று, முதலில் தன் இருக்கையை எட்டிப் பார்க்கிறாள்.

“அம்மா, இன்னைக்கு நான் உக்காரலாமா?”

ஒவ்வொரு நாளும் கேட்கிறாள்.